பஸ் அத்தையின் இடது கால்

பள்ளி பஸ் ஓட்டும் அவள் பிள்ளைகளுக்கு பஸ் அத்தை. இடது இடுப்பு மூட்டு தேய்ந்து, படியேறும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் கிளட்சை மிதித்த கால் எடுக்க வராமல் அடம்பிடித்தது. அன்றைக்கே வண்டிச் சாவியை மேலாளரின் மேசையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும், அறுவை சிகிச்சையை ரோபோவின் துணையோடு செய்யலாம் என்றார் டாக்டர். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பாதியில அது மக்கர் பண்ணா?"

"தானா அது எதுவும் செய்யாதும்மா. பிடிச்சிருக்கறது என் கை. குறிச்ச அளவைத் தாண்ட விடாது, அவ்வளவுதான். சீக்கிரம் நடப்பீங்க. பல வருஷம் கழிச்சு எப்படியிருக்கும்னு மட்டும் இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்."

அப்படி ஒளிக்காமல் சொன்னதுதான் அவளுக்குத் தெம்பு தந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நர்ஸ் அவளை வாக்கரோடு நிற்க வைத்தாள். தையல்காரக் கணவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தார்.

"கையைக் கீழ போடுங்க. நான் என்ன கண்ணாடி ஜாடியா?"

புண் வலித்தது. ஆனால் எலும்பில் எலும்பு உரசிய அந்தப் பழைய வலி போன இடம் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து, டாக்டரைப் பார்க்கப் போவதற்காக அலமாரியிலிருந்த சீருடைக் கால்சட்டையைப் போட்டாள். கண்ணாடியில் பார்த்தால், இடது பக்கம் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது.

"ஐயோ, இங்க வாங்களேன்! கால் நீண்டு போச்சு!"

வாயில் நூலோடு ஓடிவந்தவர், பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

"கால் சரியாத்தான் இருக்கு. ரெண்டும் இப்பதான் சமமாயிருக்கு. மூட்டு தேய்ஞ்சு இடது கால் குட்டையாகி நீ சாஞ்சு நடக்க ஆரம்பிச்சதிலேருந்து, அந்தப் பக்கத்தை நான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தித் தைச்சுட்டு வந்தேன். துணி தரையில இழுபட்டு, தடுக்கி விழுந்துடுவியோன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீ மறைக்கணும்னு நினைச்சே. சரி, தெரியாத மாதிரியே இருந்துட்டுப் போவோம்னு விட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு முந்தியது, பின்னாலேயே அழுகையும் வந்தது. அவர் தரையில் உட்கார்ந்து தையலைப் பிரித்தார். அவள் அவருடைய தலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் சம்மதித்த பிறகு மறுபடியும் வண்டி எடுத்தாள். குனிந்து ஷூ கயிறு கட்ட மட்டும் இன்னும் பயம். அதை அவர்தான் தினமும் பஸ் படியருகே வந்து கட்டிவிடுகிறார். ஜன்னல் வழியாகப் பிள்ளைகள், "மாமா, சீக்கிரம்! மணி அடிச்சுடும்!" என்று கத்துகிறார்கள். அவர் நிதானமாக இரட்டை முடிச்சுப் போடுகிறார்.