ஜெயிலில் முடிவான சம்பந்தம்

பாலக்காட்டில் நான் பள்ளி வாத்தியாராக இருந்தபோது, பூட்டிக் கிடந்த பழைய சர்க்கார் ஜெயிலின் வரலாற்றை எழுத வேண்டுமென்ற ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. கட்டிய துரை யார், கல் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் கிடைத்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள்தான் கிடைக்கவில்லை. கேட்டால், "எங்க வம்சத்துலயே யாரும் போனதில்லீங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள்.

வாளையாற்றுப் பக்கத்து விவசாயி ஒருவர் மட்டும் சந்தையில் என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க, ஜெயிலைப் பத்திக் கேக்கறது நீங்கதானுங்களா? நான் இருந்திருக்கறனுங்க. எம்பட மக கண்ணாலத்துக்கு வாங்க, எல்லாஞ் சொல்றேன்."

கல்யாண வீட்டில் போய் இதைக் கேட்பதா என்று கூச்சத்தோடுதான் போனேன். பந்தலில் அவர் என்னை மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு அருகில் உட்காரவைத்து, "இவரு மண்டையைத்தானுங்க நான் ஒடச்சேன்" என்றார்.

இளவட்டமாக இருந்தபோது வாய்க்கால் தண்ணீருக்காக இருவரும் மண்வெட்டியால் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இருவருக்கும் தண்டனை, அடைத்ததோ ஒரே அறையில். முதலில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தார்களாம். பிறகு இவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது, தலையில் கட்டுப் போட்டிருந்த அவர்தான் கஞ்சி ஊட்டினாராம்.

"வெளிய வந்ததும் வாய்க்காலை மொறை வெச்சுப் பாச்சிக்கிட்டோமுங்க" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். "ஆனா மொதல்ல கை வெச்சது இவருதான்."

"நீங்கதானுங்க!"

பந்தலே சிரித்தது. மணப்பெண் தலை நிமிர்ந்து, "அந்த எடத்தை நாங்க பாக்கோணும்" என்றாள்.

அடுத்த நாளே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு எல்லோரும் பாலக்காட்டுக்கு வந்துவிட்டார்கள். மாலையும் மஞ்சளுமாக ஒரு கூட்டம் ஜெயில் வாசலில் நிற்பதைக் கண்ட காவலாளி திகைத்துப் போனார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே திறந்துவிட்டார்.

நான் வெளிச்சுவரை மட்டுமே பார்த்திருந்த அந்த ஜெயிலில், தங்கள் பழைய அறைக்குள் சம்பந்திகள் இருவரும் நுழைந்து, யார் எந்த மூலையில் படுத்தார்கள் என்று மறுபடி சண்டையைத் தொடங்கினார்கள். மணப்பெண் மடியிலிருந்த முறுக்கை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள், காவலாளிக்கும் சேர்த்து. எழுதக் கொண்டுபோன பென்சில் என் காதிலேயே இருந்தது. வாய் நிறைய முறுக்கோடு, சண்டையில் நானும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டேன்.