ஏகமனதாக ஓர் ஆட்சேபம்

நகராட்சி மன்றக் கூடத்தின் மூலையில் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. உள்ளே போகிற ஆள் கதவைச் சாத்த வேண்டுமானால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர், வரிசையாகச் சுவிட்சுகள், யாரும் தொடாத ஒரு கைமைக், விசிறிக்கொள்ள ஒரு காலண்டர் அட்டை. மைக்காரரின் உத்தியோகம் முழுக்க இந்த அறைக்குள்தான் கழிந்தது.

ஊரில் அவருக்கு ‘ஹலோ’ என்று பெயர். கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒவ்வோர் இருக்கையாகப் போய் மைக்கைத் தட்டி, “ஹலோ, ஹலோ” என்று சொல்லிப் பார்ப்பார். அந்தக் கூடத்தில் அவர் வாய் திறந்தது அவ்வளவுக்குத்தான்.

வீடு இருக்கும் சந்துக்குள் வந்துவிட்டால் ஆளே வேறு. “நகராட்சியை நடத்துறது தலைவர்னு நினைச்சுட்டு இருக்கீங்க. வாய் அவரோடது, சத்தம் என்னோடது” என்பார். அதில் பொய்யும் இல்லை. உறுப்பினர் யாராவது தலைவரை வசமாகப் பிடித்துக் கேள்வி கேட்கும்போது, தலைவர் கண்ணாடி அறையைப் பார்ப்பார். ஒரே ஒரு பார்வை. அடுத்த நொடி உறுப்பினரின் மைக் செத்துப்போகும். அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். தலைவர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, பார்வை மாறவில்லை. நாற்காலி பறக்கும் நேரமும் மைக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அது பறக்குமுன் மைக்குகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிடுவார். நகராட்சியில் சேதமில்லாமல் தப்பிய ஒரே சொத்து அந்த மைக்குகள்தான்.

மன்றம் நடந்த விதம் ஊருக்கே தெரியும். யாராவது ஒருவர் மேசையைத் தட்டுவார், இன்னொருவர் காகிதத்தைக் கிழிப்பார், பாதிப் பேர் வெளிநடப்புச் செய்து எதிரே டீக்கடைக்குப் போவார்கள். டீ குடித்துவிட்டு மீதிப் பேரின் வெளிநடப்புக்கு வழிவிட்டுத் திரும்பி வருவார்கள். வரவுசெலவுத் திட்டம் ஒரு வருஷமும் கடைசிப் பக்கம் வரை வாசிக்கப்பட்டதில்லை. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டிக்கு டயர் இல்லை. கடைசியில் அரசாங்கம் மன்றத்தைக் கலைத்துவிட்டு, தலைநகரிலிருந்து ஒரு சிறப்பு அதிகாரியை அனுப்பியது.

ஒல்லியான மனிதர். சட்டையில் மடிப்புக் கலையாது, பேச்சில் விதி தவறாது. அவர் கொண்டுவந்த உத்தரவின்படி மன்றத்தின் அதிகாரம் முழுவதும் அவர் ஒருவருக்கே. அதாவது, மன்றமே அவர்தான். மன்றம் என்றால் கூட்டம் நடக்க வேண்டும், தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அதிகாரி தலைவர் இருக்கையிலிருந்து முன்மொழிவார். பிறகு எழுந்து படியிறங்கி முன்வரிசை நாற்காலி ஒன்றில் அமர்ந்து வழிமொழிவார். முழங்கால் வலி வந்தபிறகு இரண்டையும் ஒரே இடத்திலிருந்து செய்துகொண்டார். அதன்பின் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கேட்பார்: “ஆட்சேபம் உண்டா?”

இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை.

“இல்லை. ஏகமனதாக நிறைவேறியது.”

கூடத்தில் அவரைத் தவிர இரண்டே பேர்தான். கீழே நடவடிக்கைக் குறிப்பு எழுதும் கிளார்க் அம்மா, மூலையில் மைக்காரர். ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்த கிளார்க் அம்மாவுக்காக மைக் தேவையில்லைதான். ஆனால் நடவடிக்கைகள் பார்வையாளர் மாடம்வரை கேட்க வேண்டும் என்பது விதி. பார்வையாளர் மாடத்தில் உடைந்த நாற்காலிகள் கேட்டுக்கொண்டிருந்தன.

கேலியைத் தாண்டி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊர் உருப்பட்டது. விளக்கு எரிந்தது, குப்பை வண்டி வந்தது. “ஒருத்தரே பேசினா வேலை எவ்வளவு சுருக்கா நடக்குது பார்” என்று டீக்கடையில் முன்னாள் உறுப்பினர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்து, செலவைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எந்தப் பொதுக்குழாயை யாரும் பயன்படுத்துவதில்லை என்று கணக்கெடுக்க ஒரு குழு கிளம்பியது. அலுவலக நேரத்தில், நல்ல வெயிலில் சந்து சந்தாகப் போனார்கள். குழாயடிகளில் ஈ காக்கை இல்லை. தண்ணீர் விடிகாலையில் வந்து, வெயில் ஏறுமுன் நின்றுவிடும் ஊர் அது. குழு ‘பயன்பாடு இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனது.

கிளார்க் அம்மாதான் முதலில் சொன்னார். “அண்ணே, உங்க சந்துக் குழாயை மூடப் போறாங்க. அடுத்த கூட்டத்துல வருது.”

“எங்க குழாயா? அது நல்லா ஓடுதேம்மா!”

“ஓடுறப்போ அவங்க தூங்கிட்டு இருந்தாங்கண்ணே.”

அந்தச் சந்தில் வீட்டு இணைப்பு கிடையாது. இந்தக் குழாய் போனால் அடுத்தது பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரிகளுக்கு நடுவே குடத்தோடு ஓட வேண்டும். செய்தி வீட்டுக்கு வந்ததும் மைக்காரரின் மனைவி தையல் மெஷினை நிறுத்தினார். பள்ளிச் சீருடை தைக்கிறவர். அதை நிறுத்தினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“வாய் அவரோடது, சத்தம் என்னோடதுன்னு சந்து பூரா சொல்லிட்டுத் திரிஞ்சீங்கல்ல? போய்ச் சத்தம் போடுங்க.”

“நான் தற்காலிகம்டி. வாயைத் திறந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“நம்ம பொண்ணு பொறந்தப்பவும் தற்காலிகம்தான் சொன்னீங்க. இப்ப அவளுக்கே பொண்ணு பொறந்தாச்சு. இன்னும் என்ன தற்காலிகம்?”

பக்கத்து வீட்டுக்காரி வாசலிலிருந்தே எடுத்துக்கொடுத்தாள். “மாமா, நீங்க ஆபீசர் கூடவே உட்காருற ஆளு. உங்களால முடியாதா?”

பெருமையாகப் பேசிச் சேர்த்ததெல்லாம் இப்படி வட்டியோடு திரும்பி வந்தது. கூட்ட நாள்வரை சட்டை மாட்டும்போதும் குளிக்கும்போதும் மைக்காரர் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: ஐயா, தண்ணீர் விடிகாலையில் வருகிறது, உங்கள் ஆட்கள் வெயிலில் வந்தார்கள். இரண்டே வாக்கியம்தான்.

கூட்டம் தொடங்கியது. குழாய் விஷயம் வந்தது. அதிகாரி முன்மொழிந்தார், வழிமொழிந்தார், காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

“ஆட்சேபம் உண்டா?”

“உண்டு.”

குரல் கூரையிலிருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அதிகாரி அண்ணாந்து பார்த்தார். “யாரு?”

“நான்தான் சார். மைக்.”

அதிகாரி முகத்தில் கோபம் வரவில்லை. தனக்குத்தானே ஆமாம் போட்டு அலுத்துப்போன மனிதர் அவர். “வெளிய வாங்க. முன்வரிசையில உட்காருங்க. காரணத்தைச் சொல்லுங்க” என்றார்.

கிளார்க் அம்மா மட்டும் கிசுகிசுத்தார். “அண்ணே, ‘ஏகமனதாக’ன்னு நேத்தே டைப் பண்ணிட்டேன்.”

மைக்காரர் வந்து உட்கார்ந்தார். அந்த நாற்காலி, மன்றத்திலேயே அதிகமாகக் கத்திய உறுப்பினருடையது. எதிரே மைக். வீட்டில் பாடம் செய்த இரண்டு வாக்கியமும் எங்கேயோ போய்விட்டன. அந்த இடத்தில் உட்கார்ந்து ஆட்சேபிக்கும் முறை என்று அவர் தன் ஆயுளில் கண்டது ஒன்றே ஒன்று. கை தானாக மேசையைத் தட்டியது.

“இந்த அராஜகப் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம்!”

“சரி. காரணம்?” என்றார் அதிகாரி, பேனாவை எடுத்துக்கொண்டு.

“மக்கள் விரோத நிர்வாகமே!”

“குழாயைப் பத்திச் சொல்லுங்க.”

“எங்களைப் பேச விடாத இந்த மன்றத்திலிருந்து வெளிநடப்புச் செய்கிறேன்!”

நாற்காலியைத் தள்ளிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தார். வராந்தாவில் காற்று ஜிலுஜிலுவென்று இருந்தது. மார்பு விரிந்தது. கால் நேராக டீக்கடைக்குப் போனது. வெளிநடப்புச் செய்கிறவர்கள் அங்கேதான் போவார்கள். பாதி டீயில்தான் உறைத்தது. கிளாஸை வைத்துவிட்டு ஓடினார்.

“சார், காரணத்தை நான் சொல்லவே இல்ல சார்.”

“அதுக்குள்ள போயிட்டீங்களே.” அதிகாரியின் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. “நான் காத்திருந்தேன். மறுபடியும் கேட்டேன். கூடத்துல யாரும் இல்ல. நிறைவேறிடுச்சு. போய் உங்க சுவிட்சைப் பாருங்க, அடுத்த பொருளுக்கு வரணும்.”

கிளார்க் அம்மா ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சந்தில் செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. எதிர்வீட்டு டிரைவர் ஓடிவந்து கையைக் குலுக்கினார். “மாமா! தனியாளா வெளிநடப்பு பண்ணீங்களாமே! ஆபீசர் ஆடிப்போயிட்டாராமே!” நாலு பேர் தோளைத் தட்டினார்கள். வாசலில் நின்ற மனைவி மட்டும் ஒரே கேள்வி கேட்டார்.

“குழாய் என்னாச்சு?”

“அது... நிறைவேறிடுச்சு.”

தோளைத் தட்டிய கைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. டிரைவர், “இருந்தாலும் தைரியம்தான்” என்று முனகிவிட்டு வீட்டுக்குள் போனார்.

“உங்களை யாரு வெளிய போகச் சொன்னது?”

“ஆட்சேபம்னா அப்படித்தானேடி பண்ணுவாங்க.”

“அவங்க டீ குடிக்கப் போனாங்க. நீங்க எதுக்குப் போனீங்க? உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்திருக்க உங்களுக்கு என்ன கேடு?”

அவர் வேட்டி முனையில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

“உடனே மூடிடுவாங்களா?”

“இல்ல. அடுத்த கூட்டத்துல படிச்சு உறுதி பண்ணணும். அப்புறம்தான் ஆள் வருவாங்க.”

“அந்தக் கூட்டத்துக்கு யார் வேணும்னாலும் வரலாமா?”

“பார்வையாளர் மாடம் இருக்கு. கதவைத் திறந்துதான் வைக்கணும். ஆனா யாரும் வர்றதில்ல.”

“ம்” என்று மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

அடுத்த கூட்டத்துக்கு அதிகாரி உள்ளே நுழைந்தபோது கூடம் நிறைந்திருந்தது. உறுப்பினர் நாற்காலிகளிலெல்லாம் சந்துப் பெண்கள். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நீங்கல்லாம்?”

“பார்க்க வந்தோம் சார்” என்றார் முன்வரிசையிலிருந்த மைக்காரரின் மனைவி. “மாடத்துல நாற்காலியெல்லாம் உடைஞ்சு கிடக்கு. அதான் இங்க.”

பார்வையாளருக்கு உட்கார இடம் தருவது நகராட்சியின் பொறுப்பு. விதி தெரிந்த மனிதருக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. “சரி. யாரும் பேசக் கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். போன கூட்டத் தீர்மானங்களை வாசித்து முடித்ததும் வாய் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டது:

“உறுதி செய்வதில் ஆட்சேபம் உண்டா?”

“உண்டு!” கூடம் முழுக்க ஒரே குரல்.

மைக்காரரின் மனைவி எதிரே இருந்த மைக்கை இழுத்துக்கொண்டார். “எழுந்திருக்க மாட்டேன் சார், உட்கார்ந்தே சொல்றேன்...” மைக் ஊமையாக இருந்தது.

அதிகாரி கண்ணாடி அறையைப் பார்த்தார். அந்தப் பார்வை மைக்காரருக்குப் புதிதல்ல. எத்தனையோ தலைவர்கள் பார்த்த அதே பார்வை: ஊமையாகவே இருக்கட்டும், போடாதே. இத்தனை காலமும் அதற்கு ஒரு தடவைகூட அவர் விரல் மறுத்ததில்லை. வேலை போனால் பேத்திக்கு ஒரு பால் பவுடர் டின்கூட வாங்கித் தர முடியாது என்பது நினைவுக்கு வந்தது. மனைவி இவர் பக்கமே திரும்பவில்லை. கெஞ்சியிருந்தாலோ முறைத்திருந்தாலோ, கவனிக்காததுபோல இருந்துவிடலாம். அவர் பாட்டுக்கு, மைக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் பேசத் தொடங்கிவிட்டார்.

விரல் சுவிட்சைத் தட்டியது.

“...நாங்க தண்ணி புடிக்கிறப்போ உங்க ஆளுங்க வரல சார். உங்க ஆளுங்க வந்தப்போ தண்ணி வரல. இதுல எங்க தப்பு என்ன?”

வெளிச் சுவரிலிருந்த ஸ்பீக்கர் இதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோனது. முன்னாள் உறுப்பினர்கள் கிளாஸும் கையுமாக வந்து ஜன்னலில் தொற்றினார்கள்.

“வேற ஏதாவது?” என்றார் அதிகாரி.

“வேற ஒண்ணும் இல்ல சார். நீங்க பதில் சொல்ற வரைக்கும் இருக்கோம்.”

இருந்தார்கள். மனைவி பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பொத்தான் தைக்க ஆரம்பித்தார். பின்வரிசையில் ஒரு குழந்தை அழுது, பால் குடித்து, தூங்கியது. அதிகாரி வெளிநடப்புக்காகக் காத்திருந்தார். ஜன்னலில் நின்றவர்களும் அதற்காகவே காத்திருந்தார்கள். யாரும் அசையவில்லை. ஆட்சேபித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பவர்களை என்ன செய்வது என்பதற்கு அந்த மன்றத்தில் முன்னுதாரணம் கிடையாது. அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். சாப்பாட்டு நேரம் வந்து போனது.

கடைசியில் அந்தச் சந்துக் குழாயை மூடும் முடிவு கைவிடப்பட்டது. நடவடிக்கைக் குறிப்பில் அது இப்படி ஏறியது: ‘பொதுமக்களின் நலன் கருதி சிறப்பு அதிகாரி தாமாகவே முன்வந்து அறிவித்தார். ஏகமனதாக நிறைவேறியது.’

மறுநாள் மைக்காரருக்கு மெமோ வந்தது. யாருடைய அனுமதியின் பேரில் மைக் இணைப்புக் கொடுக்கப்பட்டது, விளக்கம் தேவை. கொண்டுவந்து கொடுத்த கிளார்க் அம்மா இன்னொரு காகிதத்தையும் நீட்டினார்.

“பதிலையும் நானே டைப் பண்ணிட்டேன்ணே. கையெழுத்து மட்டும் போடுங்க. ஆபீசரும் இதைத்தான் எதிர்பார்க்கிறாரு.”

மைக்காரர் படித்தார். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மைக் தானாகவே இயங்கிவிட்டது.’

“கோளாறா? என் மைக்ல இதுவரைக்கும் கோளாறுன்னு ஒண்ணு வந்ததே இல்லையேம்மா!”

“மானம் வேணுமா, வேலை வேணுமா?”

தற்காலிகப் பணியாளரின் மானமும் தற்காலிகம்தான். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த விடியலில் குழாயில் தண்ணீர் வந்தது. தாமதமாக வந்தது, செம்மண் நிறத்தில் வந்தது. “இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?” என்று டிரைவர் கத்தினார். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு எல்லோரும் மைக்காரரைப் பார்ப்பார்கள்; அவரும், “நான் பார்த்துக்கிறேன்” என்று தலையாட்டுவார். இன்றைக்கு வரிசை மொத்தமும் அவர் மனைவியைப் பார்த்தது.

“அடுத்த கூட்டம் எப்பன்னு அவரைக் கேளுங்க” என்றார் மனைவி, குடத்தை அலசிக்கொண்டே.

மைக்காரர் தேதியைச் சொன்னார். அதற்குமேல் அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது கொஞ்சம் சுருக்கென்றும், நிறைய நிம்மதியாகவும் இருந்தது. தண்ணீர் தெளியட்டும் என்று பேசிக்கொண்டு வரிசை காத்திருந்தது. அவரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த வரிசையில் நின்றுகொண்டார்.