பஞ்சைக் கடித்தபடி

எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிறவரை 'வாங்க' என்று கேட்காமல் விட்டால், அதற்காகவே வருஷக்கணக்கில் பேச்சு நின்றுபோகும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கும் ஒரு 'வாங்க' உண்டு. என் அப்பா இதில் யாருக்கும் குறை வைத்தவர் இல்லை, எனக்கு மட்டும்தான். விவாகரத்து வாங்கிக்கொண்டு நான் தனியாக வந்ததிலிருந்து என்னை அவர் 'வா' என்று சொன்னதில்லை. வாசலில் என்னைக் கண்டால் டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் கடைவாய் வீங்கிக்கொண்டது. எலும்புக்குள் படுத்து முளைத்த பல், அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் பல் டாக்டர். ஆனால் வாயைப் பார்த்துவிட்டு உடனே செய்ய மறுத்துவிட்டார். சர்க்கரை வேறு இருக்கிறது, ஈறெல்லாம் அழுக்கு, இப்படியே கத்தி வைத்தால் புண் ஆறாது என்று பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார். சிங்காநல்லூரில் மோட்டார் பட்டறை நடத்தும் அப்பா, பல்பொடியை விரலில் தொட்டுத் தேய்த்தே அறுபதைத் தாண்டியவர். துடியலூரில் நான் இருக்கும் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே மிருதுவான பிரஷ்ஷும் கொப்பளிக்கும் மருந்தும் வாங்கிப்போய் அம்மாவிடம் கொடுத்தேன்.

"நான் வாங்குனதுன்னு சொல்லிப்போட்டேன் கண்ணு. இல்லாட்டி தொடமாட்டாரு" என்றாள் அம்மா.

காலையும் ராத்திரியும் ஒழுங்காகத் தேய்த்தாராம். கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

பல் எடுத்த அன்று நான்தான் காரோட்டினேன். முடித்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: "பஞ்ச நல்லா அழுத்திக் கடிச்சிருக்கணுங்க. பேசக்கூடாது. இன்னிக்கு துப்பறது, கொப்பளிக்கிறது எதுவும் வேண்டாம், எச்சில முழுங்கிக்கட்டும். நாளையிலிருந்து வெதுவெதுப்பான உப்புத்தண்ணி, அதுவும் மெதுவா."

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சேதி பரவிவிட்டது. முதலில் மாமா வந்தார். அப்பா விரலை விட்டுப் பஞ்சை எடுத்தார். "வாங்க மச்சான், உக்காருங்க." தாடையில் ரத்தம் வழிந்தது.

"அப்பா, பேசாதீங்கப்பா."

அம்மாதான் பதில் சொன்னாள். "ஊட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு கேக்காம எப்படி கண்ணு?"

புதுப் பஞ்சு வாங்க மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பினேன். அப்பா என்னைப் பார்த்தார், பஞ்சைக் கடித்தபடியே இருந்தார். சரி, வாயில் பஞ்சு இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பின்னாலேயே மாடியில் குடியிருப்பவர் வந்தார். பஞ்சு வெளியே வந்தது. "வாங்க." என் விஷயத்தில் மட்டும் அப்பா டாக்டர் சொல்லைத் தட்டவில்லை.

மதியத்துக்குள் அப்பாவின் தோளில் இருந்த துண்டு ரத்தத்தில் சிவந்துவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். புதுப் பஞ்சை மடித்து வைத்து வாயை மூடச் சொல்லுங்கள், நிற்காவிட்டால் கூட்டி வாருங்கள் என்றார். அப்பா வாயைத் திறந்து காட்ட, பஞ்சை மடித்து வைத்தேன். என் விரல் அவர் உதட்டில் பட்டது. இவர் போய்விட்டால் அந்த ஒரு வார்த்தை கிடைக்காமலே போய்விடும் என்றுதான் முதலில் பயந்தேன். அவருக்காகப் பயந்தது அதற்குப் பிறகுதான். கேட்டைச் சாத்திவிட்டு வெளியே நின்று, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். "தப்பா நெனச்சுக்காதீங்க, அப்பா பேசக்கூடாதுங்க." சிலருக்கு முகம் சுருங்கியது. சாயங்காலம் ரத்தம் நின்றது.

மறுநாள் காலையிலேயே கிளம்பிப் போனேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு, இன்றைக்கு வாயில் பஞ்சு இருக்காது. முன்வாசல் குழாயடியில் அப்பா உப்புத்தண்ணி டம்ளரோடு நின்றிருந்தார். வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. கேட்டைத் திறந்துகொண்டு நானும் நின்றேன். என்னை நன்றாகப் பார்த்தார். உதடு பிரிந்தது. அப்புறம் டம்ளரைத் தூக்கி ஒரு வாய் தண்ணீரை வாங்கி, கன்னம் உப்ப அப்படியே வைத்துக்கொண்டார்.

அவரைத் தாண்டி வீட்டுக்குள் போனேன். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. டாக்டர் சொன்னபடி மெதுவாகத்தான் துப்பினார்.