இறுக்கிக் கட்டிய பெல்ட்

ஓட்டல் சலவைக்கூடத்தில் ஈரமான படுக்கைவிரிப்புகளை மெஷினிலிருந்து வாரி வண்டியில் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. தண்ணீர் குடித்த விரிப்பு லேசில் வராது, அடம்பிடிக்கும். மூச்சைப் பிடித்து இழுத்தால் விரிப்பு மேலே வரும், அவளுக்கு அடிவயிறு கீழே போகும். இருமினால் சொட்டும். தும்மினால் கேட்கவே வேண்டாம். சாயங்காலமானால் கீழே எதுவோ பிதுங்கி நிற்பதுபோல் இருக்கும்.

"ஏன் ஒரு மாதிரி நடக்கிறே?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது, வெட்கத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். "இடுப்பு வலி."

மனுஷன் நல்லவர், அதுதான் தொல்லையே. தைலம் தேய்த்தார். பிறகு அகலமான இடுப்பு பெல்ட் ஒன்று வாங்கி வந்தார். தினமும் காலையில் தன் கையாலேயே, மூட்டை கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டி வேலைக்கு அனுப்பினார். ஆறு மாதம் இப்படியே போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பொறுக்க முடியாமல் டாக்டரம்மாவிடம் போனாள்.

"மூத்திரப்பை இறங்கியிருக்கும்மா. அடியில தாங்குற தசை தளர்ந்துபோச்சு. ஒண்ணுக்கு வர்றப்ப அடக்குவோம்ல, அந்த மாதிரி தசையை மேல இழுத்துப் பிடிச்சு விடணும். தினமும் செய்யணும், மூச்சை மட்டும் அடக்காதீங்க. பளு தூக்காதீங்க. மூணு மாசம் பார்ப்போம். சரியாகலைன்னா ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்." அப்போதுதான் டாக்டரம்மாவின் கண் பெல்ட்டில் பட்டது. "இதை யாரு கட்டச் சொன்னா? வயித்தை இப்படி இறுக்கினா எல்லாம் கீழதானே போகும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி முழுக்க அவளுக்கு ஆத்திரம். யாரைத் திட்டுவது? ஆறு மாதமும் கட்டிவிட்டவர் அவர், கட்டவைத்தது தன் வாய்.

மறுநாள் காலை வழக்கம்போல் அவர் பெல்ட்டோடு வந்து நின்றார். அவள் ஜன்னலைச் சாத்தினாள். சுவரைப் பார்த்தபடி, ஒன்று விடாமல் மெல்லிய குரலில் சொன்னாள். துணி மடிக்கிற மேஜைக்கு வேலையை மாற்றித் தரச்சொல்லி ஓட்டலில் கேட்கப் போவதையும் சொன்னாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "பொம்பளைங்க சமாச்சாரம், எனக்கென்ன தெரியும்? சரி, இன்னிக்குக் கொஞ்சம் தளர்த்திக் கட்டட்டுமா?"

பெல்ட்டைப் பிடுங்கி மூலையில் வீசினாள். போய் ஜன்னலைத் திறந்தாள். எதிர்வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.