பிஸ்கட் டின்னில் இல்லாத தலைப்பு

போன வருடக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் உள்ள மேல்மாடி வகுப்பறையில் நடந்தது இது. எழுதினால் கோபம் ஆறும் என்று ஒரு தோழி சொன்னாள். ஆறுமோ தெரியவில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

நானும் அம்மாவும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். கோட்டையில் கப்பலில் சாமான் அனுப்பும் ஒரு கம்பனியில் எனக்கு வேலை. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் நாக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டு வாடிக்கையாளர் போன் எடுத்தால் ரிசீவரைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிட்டு, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் பைல்களைக் கிளறுவேன். அந்த வாடிக்கையாளர்களோடு பேசுகிற பதவி ஒன்று எங்கள் கம்பனியில் காலியாக இருந்தது. தை மாதம் நேர்முகத் தேர்வு என்றார்கள். அதற்காகத்தான் உயர்நிலை ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் கலந்துரையாடல் தலைப்புகள் எழுதிய துண்டுகள் இருக்கும். கையை விட்டு ஒன்றை எடுத்து, அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். பிறகு மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். வகுப்பு எடுக்கும் மிஸ் அந்தத் தலைப்புகளை எந்த நாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தாவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். விடுமுறைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போவீர்களா, நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடலாமா என்றெல்லாம் இருக்கும். பாமன்கடையிலிருந்து வரும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் புடவைக்கடைக்காரருக்கு ஒருநாள் அந்த நாய் அகப்பட்டது. "எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கே கொண்டாடுவதில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது.

வகுப்பில் ஒரேயொரு சட்டம். தமிழ் பேசக்கூடாது. வாய் தவறித் தமிழ் வந்தால், வந்தவர் எழும்பி நின்று புதிதாக ஒரு தலைப்பில் பேசியே ஆக வேண்டும். ஒருவருக்கும் விலக்கு இல்லை. ஒருநாள் மிஸ்ஸே "ஐயோ, தேத்தண்ணி ஊத்துப்பட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு, சேலையைத் துடைத்தபடி எழும்பிப் பேசினா.

முதல் சில வாரம் நான் ஊமைபோல இருந்தேன். பிறகு மெல்ல மெல்ல வாய் திறந்தது. பிழையாகப் பேசினாலும் அங்கே ஒருவரும் பல்லைக் காட்ட மாட்டார்கள். பயமில்லாமல் பேச எனக்கென்று இந்தக் கொழும்பில் இருந்த ஒரே இடம் அந்த அறைதான்.

அன்றைக்குப் பின் வரிசையில் புதிதாக இரண்டு பேர் இருந்தார்கள். பட்டுச் சேலையில் ஓர் அம்மா, அவவின் மகள் மாதிரி ஓர் இளம் பெண். சேர யோசிக்கிறார்கள், இன்றைக்கு வகுப்பைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று மிஸ் அறிமுகப்படுத்தினா. அந்தப் பெண் தாயிடம் குசுகுசுத்த ஆங்கிலத்தைக் கேட்டால், லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி இருந்தது. இவளுக்கு இங்கே என்ன வேலை என்று ஒரு கணம் நினைத்தேன். அதோடு விட்டுவிட்டேன். மேசையில் அந்த அம்மாவின் கைப்பையோடு சாய்த்து ஒரு போன் வைத்திருந்ததையும் கண்டேன். போன் இல்லாத மேசை இப்போது எங்கே இருக்கிறது?

மிஸ் அன்றைக்கு டின்னைத் திறக்கவே இல்லை. "கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் வேலைக்குப் போகலாமா?" என்று தானே ஒரு தலைப்பைச் சொல்லி, என்னைத் தொடங்கச் சொன்னா. நான் முடித்ததும் வழக்கப்படி அடுத்தவருக்குப் போக வேண்டும். போகவில்லை. "மாமன் மாமியோடு ஒரே வீட்டில் இருப்பது நல்லதா?" அதுவும் எனக்கு. "கணவனுக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபட்டால் யார் விட்டுக்கொடுப்பது?" அதுவும் எனக்கே.

நேர்முகத் தேர்வு கிட்ட வருகிறதே, பாவம், மிஸ் என்னை விசேஷமாகத் தயார்படுத்துகிறா என்று நான், மடைச்சி, பூரித்துப் போனேன். கையைக் காலை ஆட்டிப் பேசினேன். வேலையை விடவே மாட்டேன் என்றேன். அப்பா இறந்த பிறகு அவருடைய சொந்தக்காரரிடம் அம்மா கேட்ட ஏச்சுப் பேச்சுகளைக்கூடச் சொன்னேன். வெளியில் ஒருவருக்கும் சொல்லாத கதை அது. அந்த அறை என்றபடியால்தான் சொன்னேன்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"அம்மா, போனைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கோ. நெத்தி மட்டும்தான் தெரியுது."

பின் வரிசையில் ஆண்களே இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்த அம்மா போனைப் பறித்து நெஞ்சோடு அமுக்கிக்கொண்டா. மிஸ் அவசரமாக என்னிடம் வந்து, தன் சட்டத்தைத் தானே மறந்து, தமிழில் காதுக்குள் சொன்னா.

"கோவியாதையும் பிள்ளை. நல்ல இடம். மாப்பிள்ளை லண்டனில. பொம்பிளைக்கு இங்கிலீஷ் கதைக்க வருமோ எண்டு அவையளுக்குப் பாக்கவேணுமாம். உம்மட அம்மாவுக்கும் தெரியும்."

அம்மாவுக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

பெண் பார்க்கிற சம்பிரதாயமே எனக்குப் பிடிக்காது. ஆனால் அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது. இன்ன நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வருவார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்துதான் சேலையைக் கட்டி முன்னால் போய் நிற்கிறோம். விருப்பமில்லை என்றால் தலையிடி என்று சொல்லிப் படுத்தாவது விடலாம். இங்கே எனக்கு அதுவும் இல்லை. மழையில் நனைந்த சட்டையோடு, என் தாயின் கண்ணீர்க் கதையை, முகம் தெரியாத ஒருவருக்குச் சோதனைப் பாடமாக ஒப்பித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவருடைய கவலையெல்லாம் நெற்றி மட்டும் தெரிகிறதே என்பதுதான்!

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தா. "நாங்கள் ஒண்டும் குறையா நினைக்கேல்லப் பிள்ளை. நல்ல வடிவாக் கதைக்கிறீர்." நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாவோ என்னவோ.

புடவைக்கடை நானாவுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "இது செரியில்ல மிஸ். புள்ளயப் பாக்குறெண்டா ஊட்டுக்கு வந்து, கேட்டுத்தானே பாக்கோணும்?" என்றார். மிஸ் கையைக் காட்டி அவரை அடக்கினா.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்தலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஓடினால் அந்த அறை எனக்கு அதோடு முடிந்தது. அதைவிட, கஷ்டப்பட்டுத் திறந்த வாய் திரும்பவும் பூட்டிக்கொள்ளும். அதை நினைக்கத்தான் பயமாக இருந்தது. பிஸ்கட் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு பின் வரிசைக்குப் போனேன். ஆங்கிலத்தில், ஒரு சொல்லும் தடக்காமல் சொன்னேன்: "இன்றைக்கு இந்த வகுப்பில் முதலில் தமிழ் பேசியவர் போனில் இருக்கிறார். சட்டப்படி அவர் எழும்பி நின்று பேச வேண்டும். தயவுசெய்து போனை மேசையில் வையுங்கள்."

அந்த அம்மா அசையவில்லை. மகள்தான், என்ன நினைத்தாளோ, தாயின் கையிலிருந்து போனை வாங்கி மேசையில் நிமிர்த்தி வைத்தாள். திரையில் கண்ணாடி போட்ட ஒருவர். நெற்றி மட்டுமல்ல, முழு முகமும் தெரிந்தது.

"டின்னில் இல்லாத தலைப்பு ஒன்று தருகிறேன்," என்றேன். "ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் அவளைப் பார்ப்பதும் அவள் பேச்சைக் கேட்பதும் சரியா? இரண்டு நிமிடம். தொடங்குங்கள்."

"ஸொரி" என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு திரை இருண்டது.

"எங்களுக்கு நேரமாப் போச்சு" என்று அந்த அம்மா எழும்பினா. படியில் இறங்கும்போது, இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு போனது கேட்டது.

பிறகு நடந்ததுதான் அந்த வகுப்பில் நான் கேட்ட உண்மையான கலந்துரையாடல். நானா எழும்பி, உடைந்த ஆங்கிலத்தில், மூச்சு விடாமல் பேசினார். வங்கியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை, இதற்காகவெல்லாம் லண்டன் மாப்பிள்ளையை விடுவதா என்று கேட்டாள். அவளோடு மற்றவர்கள் சண்டைக்குப் போனார்கள். ஒருவர் வாயிலும் தமிழ் வரவில்லை. மிஸ் மட்டும் மேசையைப் பார்த்தபடி இருந்தா. அடுத்த கிழமை மன்னிப்புக் கேட்டா. கேட்டுவிட்டா என்பதற்காக என் கோபம் போய்விடவில்லை. அந்த வகுப்பைத் தொடர்ந்தேன், நேர்முகத்துக்கும் போனேன், இன்று அந்த வெளிநாட்டுப் போன்களுக்கு நானே பதில் சொல்கிறேன். ஆனால் அந்த அறையில் வீட்டுக் கதை பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றிரவு வீட்டுக்குப் போனபோது, முடிவு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"இங்கிலீஷ் நல்லா இருக்காம்," என்றா அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். "ஆனா பிள்ளைக்கு வாய் கொஞ்சம் கூடவாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை, பிறகு கத்தினேன். அம்மாவும் விடவில்லை. "சொல்லியிருந்தா நீ ஓம் எண்டிருப்பியோ?"

"கேட்டாத்தானே அம்மா தெரியும்!"

இன்றும் யாராவது "இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால், பதில் சொல்லுமுன் மேசையில் சாய்த்து வைத்த போன் ஏதும் இருக்கிறதா என்று என் கண் தானாகவே தேடுகிறது. உன்னைப் பார்க்கலாமா என்று அன்றைக்கு முதலிலேயே கேட்டிருந்தால் சில வேளை ஓம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அத்தனை தலைப்புகளில் என் கருத்தைக் கேட்டவர்கள், அந்த ஒன்றை மட்டும் என்னிடம் கேட்கவே இல்லை.