தரையில் ஓடிய ஆவி

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நிறுத்து எடை சொல்லி, கண்ணால் கண்டதை மட்டுமே நம்புகிறவர்களிடம் சம்பளம் வாங்குவதற்குப் பெயர்தான் கெமிஸ்ட் உத்தியோகம். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரி எதிலாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவராக நீங்கள் இருந்தால், மேலே படிக்காமலே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

காலிக் குண்டு

ஆம்பூர் டேனரியில் நான் சேர்ந்த புதிதில் என்னிடம் இருந்த பெரிய சொத்து, கழுத்து நீண்ட ஒரு கண்ணாடிக் குண்டு. முதலில் அதை நிறுப்பேன். பிறகு உள்ளே கொஞ்சம் திரவம் விட்டு, கொதிக்கிற தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பேன். திரவம் ஆவியாகி, உள்ளே இருந்த காற்றைத் துரத்திவிட்டுக் குண்டு முழுக்கத் தானே நிறைந்துகொள்ளும். உடனே குண்டின் வாயை நெருப்பில் உருக்கி அடைத்து, ஆறவைத்து, மறுபடி நிறுத்தால் ஆவியின் கனம் கணக்கில் வந்துவிடும். அதிலிருந்து அந்தப் பொருளின் ஒரு அணுக்கூட்டத்தில் எது எத்தனை இருக்கிறது என்று சொல்லலாம்.

இவ்வளவையும் மேனேஜர் ரங்கசாமி நாயுடு கைகட்டி நின்று பார்த்தார். கோட்டுப் பையில் கடிகாரம், நெற்றியில் நாமம், யாரையும் நம்பாத கண்கள். கடைசியில் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "வெறுங்குண்டை ரெண்டு தபா நிறுக்கிறீங்களே சார், மொதல் தபா சரியா வரலியா?"

பட்டணத்து ஏஜெண்டு

ஆட்டுத்தோலில் கொழுப்பு ஜாஸ்தி. அதை எடுக்க ஒரு புதுத் திரவம் வந்திருப்பதாகச் சொல்லி, சென்னைப் பட்டணத்திலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒரு ஏஜெண்டு வந்தார். அதில் கார்பன் ஒரு பங்கு, ஹைட்ரஜன் ஒரு பங்கு என்றார். எங்கள் மேஜைமேல் எரியும் கார்பைடு விளக்கின் வாயுவிலும் அதே ஒன்றுக்கு ஒன்றுதான். "ரெண்டும் ஒண்ணுதான். விளக்கு கேஸ் மேலதானே போவுது? இதோட ஆவியும் மேலதான் போவும். கூரையில ஜன்னல் வெச்சுட்டா போதும்" என்று முடித்துவிட்டார். நாயுடுவுக்கு வாயெல்லாம் பல். தச்சனைக் கூப்பிடச் சொன்னார்.

நான் குறுக்கே விழுந்தேன். "ஒரு வீட்டுல ரெண்டு ஜோடி இருக்காங்க, இன்னொரு வீட்டுல ஆறு ஜோடி. ரெண்டு வீட்டுலயும் ஆணுக்கு ஒரு பெண் கணக்குதான். அதுக்காக ரெண்டு குடும்பத்தையும் ஒரே மாட்டு வண்டியில ஏத்துவீங்களா? உங்க திரவம் எத்தனை ஜோடின்னு ஆவியை நிறுத்தாத்தான் தெரியும்" என்றேன்.

ஏஜெண்டு நாயுடுவைப் பார்த்துக் கண் சிமிட்டினார்: "எத்தனை ஜோடியா இருந்தா இன்னா சார், எல்லாம் ஒரே ஜாதிதானே!"

ஒரு முழம் தகரம்

நிறுத்தேன். விளக்கு வாயுவைப் போல மூன்று மடங்கு கனம் வந்தது. விளக்கு வாயு ரெண்டு ஜோடி, ஆக இது ஆறு ஜோடி. சரக்கு சாட்சாத் பென்சீன். காற்றைவிட இரண்டரை மடங்குக்கும் மேலான கனம். அது கூரையைத் தேடிப் போகாது, தரையோடு தவழும். எங்கள் ஷெட்டின் சாக்கடை எங்கே போகிறது? பாய்லர் அடுப்பு இருக்கும் பள்ளத்துப் பக்கம்.

வாயால் சொன்னால் ஏறாது என்று, செய்து காட்டினேன். என் அட்டெண்டர் தேவசகாயம், பேச்சு கம்மியான நடுவயதுக்காரர், வாய்க்கால் போல வளைத்த ஒரு முழத் தகரத்தைச் சரிவாகப் பிடித்துக்கொண்டார். கீழ்முனையில் மெழுகுவத்தி. மேல்முனையில் அந்தத் திரவத்தில் நனைத்த பஞ்சு. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நாயுடு கொட்டாவி விட்டார். திடீரென்று மெழுகுவத்தியிலிருந்து நெருப்பு தகரத்தின் வழியே மேலே ஓடிப் பஞ்சைப் பிடித்தது. நாயுடு துள்ளிப் பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டார். கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "பயமுறுத்தாதீங்க சார். இது ஒரு முழம் தகரம். நம்ம ஷெட்டு எம்மாம் பெருசு!"

ஈரச் சாக்கு

முதலாளி கல்கத்தா போயிருந்தார். அவர் இல்லாத ஊரில் நாயுடு வைத்ததுதான் சட்டம். கூரையில் அழகான ஜன்னல்கள் திறந்தன, கீழே புதுத் திரவத்தில் வேலை தொடங்கியது. மழைச்சாரல் தோலில் படக்கூடாது என்று கீழ்க்கதவுகளைச் சாத்தச் சொன்னார். நானும் தேவசகாயமும் ஈரச் சாக்குகளைச் சுருட்டிச் சாக்கடை வாயில் திணித்தோம். தண்ணீர் தேங்கியது. நாயுடு வந்தார், பார்த்தார், தாமே குனிந்து சாக்குகளைப் பிடுங்கி வெளியே எறிந்தார்: "சாக்கடையை அடைக்கவா சார் உங்களை பி.ஏ. படிக்க வெச்சாங்க? ஒரே பேஜாராப் போச்சு உங்களோட!"

சின்னப்பன்

காலை வேலை சூடு பிடித்திருந்த நேரம். நான் தராசடியில் இருந்தேன். 'பக்' என்று ஒரு சத்தம், பிறகு கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் பாய்லர் பக்கமிருந்து சாக்கடை வழியே நீலமாக நெருப்பு ஷெட்டுக்குள் புகுந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எல்லாம் தீ, இடுப்புக்கு மேலே வெறும் புகை. ஆட்கள் கதவை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தார்கள். தோல் பிழிகிற சின்னப்பன் வெறுங்காலோடு நடுவில் மாட்டிக்கொண்டான். தேவசகாயம் உள்ளே பாய்ந்து அவனை இழுத்து வந்தார். நான் ஈரத் தோலை எடுத்து அவன் கால்களில் சுற்றி அமுக்கினேன். என் கணக்கு சரியாக வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, தப்பாக வந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினேன்.

யாரும் சாகவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் சின்னப்பனைப் போய்ப் பார்த்தேன். இரண்டு காலிலும் கட்டு. பக்கத்தில் அவன் மனைவி விசிறிக்கொண்டிருந்தாள். ஆவி ஏன் கீழே வந்தது என்று அவன் கேட்பான் என நினைத்து, பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. "மேல போவும்னு சொன்ன மேனேஜரு மாடி ரூம்புல இருந்தாரு சார்," என்றான், "நாங்கதான் கீழ இருந்தோம்."

விருந்தாளிகள்

முதலாளி திரும்பி வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. கொழுப்பு எடுக்கும் வேலையைத் திறந்த வெளிக்கு மாற்றினார். சுவரில் தரைமட்டத்தில் ஓட்டைகள் போட்டார். சாக்கடையை வேறு பக்கம் திருப்பினார். சின்னப்பன் கால்விரல்கள் ஒட்டிப்போய் விந்தி விந்தி நடந்து வந்தான். தோல் தரம் பிரிக்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள்.

கொஞ்ச காலம் கழித்து வாணியம்பாடி டேனரிக்காரர்கள் எங்கள் ஏற்பாட்டைப் பார்க்க வந்தார்கள். சுற்றிக் காட்டியவர் நாயுடு. பென்சீன் ஆவி கனமானது, கீழேதான் போகும் என்று கைவிரல்களைத் தரையில் தவழவிட்டு அவர் விளக்கியதைக் கேட்டு எனக்கே புல்லரித்தது. விருந்தாளிகளில் ஒருவர், இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். நாயுடு என் பக்கம் கருணையோடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "நமக்கெல்லாம் பார்த்தாலே தெரிஞ்சுடும் சார். கெமிஸ்டுக்குத்தான் நிறுத்துப் பார்க்கணும்."

ஒரு ஆவியின் கனத்தைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும். அது ஒரு மேனேஜரின் தலையில் ஏறுவதற்குத்தான் யாரோ ஒருவனுடைய கால் வேகவேண்டியிருக்கிறது.