எண்ணெய் மணக்காத ரொட்டி

அம்மாவுக்கு அப்பாவின் மணம் பிடிக்காமல் போன வருஷத்தில்தான் எங்கள் வீட்டில் ரொட்டி சுட்டோம். நான் அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா குற்றாலத்தில் பேரருவிக் கரையில் எண்ணெய் தேய்க்கிறவர். சாரல் விழுகிற மூன்று மாதமும் நான் எழுந்திருக்குமுன் போய்விடுவார். நான் தூங்கிய பிறகுதான் வருவார். அந்த மூன்று மாத உழைப்பில்தான் மற்ற மாதங்களிலும் எங்கள் அடுப்பு எரிந்தது. நல்லெண்ணெயும் முதுகுவலித் தைலமும் கலந்த ஒரு மணம் அவர் மேலிலேயே ஊறிப் போயிருந்தது. சட்டையை மாற்றினாலும் அது மாறாது. சாரல் காலத்தில் நான் அப்பாவைப் பார்த்ததைவிட அந்த மணத்தை மோந்ததுதான் அதிகம். காலையில் பாயில் அது மட்டும் கிடக்கும்.

அந்த ஆனி மாதம் அப்பா வாசலில் கால் வைத்தாலே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அம்மாவுக்கு வயிறு சரியில்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மசக்கை என்ற சொல்லை எனக்கு யாரும் சொல்லவில்லை. சோறு பொங்குகிற வாடை, தாளிக்கிற வாடை, எதுவும் அவளுக்கு ஆகவில்லை. குடித்த கஞ்சி அரைநாழிகை தங்காது. அப்பா முற்றத்து முருங்கைமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார், இறவாரத்தில் சாக்கை விரித்துப் படுத்தார். இரண்டு பேருக்கும் சண்டை என்று நான் முடிவு கட்டி, யார் பக்கம் சேர்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நர்ஸம்மா வந்து அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். போகும்போது வேலியோரம் அப்பாவிடம் தணிந்த குரலில் பேசினார். கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

"இந்தத் தடவையும் போயிரக் கூடாது. எதாவது வயித்துல தங்கணும், பாத்துக்கிடுங்க."

அம்மா பிறந்த ஊரான சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய்விடுவாள் என்றுதான் நர்ஸம்மா சொல்வதாக நினைத்தேன். அங்கே போனால் எனக்கும் பள்ளிக்கூடம் இருக்காது. அதனால் பெரிதாகக் கவலைப்படவில்லை.

அம்மாவின் வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்றுதான். யாரோ லாட்ஜில் மிச்சம் வைத்துப் போன ரொட்டித் துண்டுகளை அப்பா காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். அம்மா அதைச் சுடுகல்லில் வாட்டித் தின்றாள். தின்றது தின்றபடியே இருந்தது. மறுநாளிலிருந்து தென்காசி பேக்கரியில் ரொட்டி வாங்கினார்கள். எங்களுக்கெல்லாம் ரொட்டி என்பது காய்ச்சல் வந்தால் கிடைப்பது. காய்ச்சல் இல்லாமலே தினம் ஒரு பாக்கெட் என்றால் அது எங்கள் வீட்டுக்குத் தாங்குகிற சங்கதி இல்லை. ஐந்தாம் நாள் அப்பா வெறுங்கையோடு வந்தார். நாமே சுட்டுவிடலாம் என்று வாசலில் நின்றபடியே அறிவித்தார். அம்மா உள்ளே இருந்து சிரித்தாள். சாப்பிடாமல் கிடக்கிறவள் சிரித்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பா காரியத்தில்தான் இருந்திருக்கிறார். செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கமிருந்து ரொட்டிக்காரர் ஒருவர் வருஷா வருஷம் சாரலுக்கு வந்து ஒரு வாரம் தங்குவார். மாவு பிசைந்து பிசைந்து அவருக்குத் தோள்பட்டை இறுகிப் போயிருக்கும். அப்பா கையால்தான் தேய்த்துக்கொள்வார். அந்த வருஷம் அப்பா அவரிடம் கூலிக்குப் பதிலாகத் தொழிலைக் கேட்டார். அவர் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு சொல்வார், அப்பா தோளை அமுக்கிக்கொண்டே கேட்பார். அருவி இரைச்சலில் பாதி காதில் விழாது. விழாத பாதியைக் கேட்க மறுநாளும் தேய்க்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில் நானும் பக்கத்தில் நின்றேன்.

"மாவு நம்மள மாதிரியாக்கும் அண்ணாச்சி," என்றார் ரொட்டிக்காரர், கண்ணை மூடியபடி. "அடிக்கலாம், அமுக்கலாம், அது பொறுக்கும். அவசரப்படுத்தினா மட்டும் பிணங்கிக்கிடும்."

போகும்போது அவர் தன் லாட்ஜ் அறையில் புளிக்கவைத்திருந்த மாவில் ஒரு உருண்டையை வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். தயிருக்கு உறை மாதிரி இது. ஒவ்வொரு தடவையும் பிசைந்த மாவில் ஓர் உருண்டை எடுத்து வைத்துவிட்டால் சாகாமல் இருக்கும் என்றாராம். சாகாத மாவு வீட்டுக்கு வந்திருக்கிறது என்று நான் வகுப்பில் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

அடுப்பை அப்பாவே செய்தார். அடி ஒடுங்கிய பழைய அலுமினியப் போணியில் சிற்றாற்று மணலை அரித்துக் காயவைத்துப் போட்டார். அதன்மேல், மாவை வைக்க, லாட்ஜில் வாங்கிய பிஸ்கட் டப்பா. போணிக்கு மேலே தகர மூடி, மூடியின் மேலே சிரட்டைக் கங்கு. கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. ரேஷன் கோதுமையை மில்லில் அரைத்த மாவு, பாதிக்கு மைதா, உப்பு, கருப்பட்டித் தண்ணீர். வேறொன்றும் வாங்கவில்லை.

முதல் ரொட்டி கல். சாரல் குளிரில் மாவு பொங்கவே இல்லை. அடுத்த வீட்டு ஆடு அதை மோந்துவிட்டு என்னைப் பார்த்தது. இரண்டாவது ரொட்டிக்கு அப்பா மாவுச் சட்டியைக் கம்பளியில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது பொங்கியது, நிறம் வந்தது. பிய்த்து அம்மாவிடம் கொடுத்தேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடினாள்.

ரொட்டி முழுக்கத் தைலம் மணத்தது. அத்தனை வருஷத்து எண்ணெயும் அப்பாவின் கை வழியே மாவுக்குள் போயிருந்தது.

அம்மாவுக்கு நிற்கவே முடியாத நிலை, அவளால் பிசைய முடியாது. அப்பா கொஞ்ச நேரம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் அவர் அருவிக்குப் போகவில்லை. எண்ணெய்க் குப்பிகளைச் சாக்கில் கட்டிக் கோழிக்கூட்டின்மேல் வைத்துவிட்டார். சாம்பல், சீயக்காய், புளி, எலுமிச்சந்தோல், உமி என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தேங்காய் நாரால் கையைத் தேய்த்தார். எத்தனையோ பேருக்குத் தேய்த்தவர் தனக்குத்தானே தேய்த்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

மணம் போய்விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மூக்கு அதற்குப் பழகிப்போயிருந்தது. அம்மா மோந்து பார்த்தால் வாந்தி. அதனால் அந்த வேலைக்கு நான் நியமிக்கப்பட்டேன்.

"இங்கன வாலே, மோந்து பாரு. மணக்குதா?"

முற்றத்தில் அப்பா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு குனிந்து நிற்பார். நான் உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று நிதானமாக மோந்து தீர்ப்புச் சொல்வேன். என் வாழ்க்கையில் என்னைக் கேட்டு ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல். நான் அதிகம் பேசாத பையன். பள்ளிக்கூடத்தில் என் முறை வந்தால் வாத்தியாரே அடுத்தவனிடம் போய்விடுவார். வீட்டில் என் ஒரு சொல்லுக்காக அப்பா காத்துக்கொண்டு நின்றார்.

அந்த நாட்களில்தான் அப்பா பேசுவார் என்பதே எனக்குத் தெரிந்தது. முதுகைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடலாம் என்றார். போலீஸ்காரர் முதுகு தூங்கும்போதும் விறைப்பாக இருக்குமாம். அரபு நாட்டிலிருந்து விடுப்பில் வந்தவர்களின் முதுகைத் தொட்டால், எதையோ சுமந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்குமாம். பள்ளிக்கூட வாத்தியார் முதுகு எப்படி என்று கேட்டேன். கூசும், தொட விடமாட்டார்கள் என்றார். நான் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் மோந்து பார்த்தேன். மணம் இல்லை. சாம்பலும் எலுமிச்சையும் மட்டும்தான் இருந்தன. நகக்கண்ணிலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"லேசா இருக்குப்பா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே சொல்லத் தெரியாது. ரொட்டி ஆகிவிட்டால் அப்பா போய்விடுவார் என்பது மட்டும் தெரியும்.  அப்பா தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தார். மழை வருமா என்று பார்க்கிறார் என நினைத்தேன். பிறகு சாம்பலை எடுத்துக்கொண்டார். ஆறாம் நாளும் அதையே சொன்னேன். அன்று அவர் தோல் விரலிடுக்கில் வெடித்திருந்தது. புளி பட்டதும் பல்லைக் கடித்தார்.

அன்று சாயங்காலம் அம்மா குடத்தருகே நின்றவள் அப்படியே சரிந்து விழுந்தாள். அப்பா ஓடிவந்து தூக்கப் போனவர், வாசலிலேயே நின்றுவிட்டார். என் சொல்லை நம்பி நின்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டார்.

ஏழாம் நாள் அவர் கையை நீட்டுவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

"இல்லப்பா. சுத்தமா இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுலே."

"இல்லவே இல்லப்பா."

அன்று அவர் மாவு பிசைந்ததைப் போல நான் வேறு எதையும் பார்த்ததில்லை. முதலில் அது சொரசொரவென்று கிழிந்து கிழிந்து கிடந்தது. அப்பா அதை ஒரு முதுகைப்போலத் தொட்டார். இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்து மேலே ஓட்டினார், உள்ளங்கை அடியால் தள்ளினார், மடித்தார், திருப்பிப் போட்டுத் தட்டினார். எங்கே இறுக்கம் என்று தேடுகிற மாதிரி அவர் கண் பாதி மூடியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாவு அவருக்கு இணங்கியது. காதுமடல் பதத்துக்கு வரவேண்டும் என்பது ரொட்டிக்காரர் சொன்ன கணக்கு. அப்பா என் காதைத் தொட்டுப் பார்ப்பார், மாவைத் தொட்டுப் பார்ப்பார், மறுபடி பிசைவார். மூன்றாம் தடவை என் காதுக்கும் மாவுக்கும் வித்தியாசம் இல்லை என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கம்பளிக்குள் அது வளர்ந்தது. ஈரத்துணியை விலக்கிக் காதை வைத்தால் உள்ளே மிக மெல்லிய சத்தம், மண்ணில் தண்ணீர் இறங்குவதைப்போல. உயிருள்ள ஏதோ ஒன்று அந்தச் சட்டிக்குள் மூச்சு விட்டது. அப்பாவும் காதை வைத்துக் கேட்டார். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 

கங்குகளை ஒதுக்கி மூடியைத் தூக்கியபோது வந்த வாசனையை எப்படிச் சொல்வதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. தெருவில் போனவர்கள் நின்றார்கள். பொன்னிறமான ரொட்டி, சூடு ஆற ஆற மேலோடு சடசடவென்று தானாகவே பேசியது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவளே முற்றத்துக்கு வந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிய்த்துத் தின்றாள். நடுவில் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று பேரும் காத்திருந்தோம். பள்ளிக்கூட மணி அடித்தது. செங்கோட்டை பஸ் போனது. திரும்பியும் வந்தது. அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கு," என்றாள் கடைசியில். அப்பா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவை வேறு யாருடையவையோ என்பதுபோலப் பார்த்தார்.

எட்டாம் நாள் அருவிக்கரையிலிருந்து அப்பாவின் கூட்டாளி ஒருவர் வந்தார். எண்ணெய்க்காரர் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு பாறை உண்டு. அப்பாவுடையது, அருவிக்கு இறங்குகிற வழியில் முதல் பாறை. தொடர்ந்து எட்டு நாள் குப்பி வைக்காத பாறையை ஒன்பதாம் நாள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. வந்தவர் வேலிக்கு வெளியே நின்று பதறினார்.

"இன்னைக்கு வந்து ஒரு ஆளுக்காவது தேச்சிட்டுப் போயிரும் அண்ணாச்சி. இலத்தூர்க்காரன் உம்ம பாறையையே சுத்திக்கிட்டு அலையுதான்."

"எண்ணெயத் தொட்டா ரொட்டி போச்சுல்லா," என்றார் அப்பா. "இப்பத்தான் அவ வயித்துல நிக்கி. ரெண்டு நாள்ல அவளே எந்திச்சுப் பிசஞ்சிருவா. அப்புறம் வாரேன்."

அப்படியே நடந்தது. பத்தாம் நாள் அம்மா தானே எழுந்து மாவைப் பிசைந்தாள். அப்பா குப்பிகளை எடுத்துக்கொண்டு போனார். நாலாவது மாதம் தாண்டியதும் அம்மாவுக்குச் சோறு செல்ல ஆரம்பித்தது. தை மாதம் எனக்கு ஒரு தங்கை பிறந்தாள். தலை நிறைய முடியும், வீடு கொள்ளாத அழுகையுமாக.

பின்னாளில் நானும் அதே தொழிலுக்குப் போனேன். பேரருவியின் முதல் பாறைக்கு எத்தனை பேர் வருவார்கள், ஐந்தருவியின் ஓரத்துப் பாறைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் தெரிந்தது. நான் பொய் சொன்ன அந்த இரண்டு நாளைப் பற்றி அப்பா இருந்தவரை நான் அவரிடம் சொல்லவில்லை. பலமுறை வாய்வரை வந்தது.

ஆனால் அந்த வருஷம், இனிமேல் தனக்கு ஐந்தருவியில்தான் வேலை என்று அப்பா சொன்னபோது நான் துள்ளிக் குதித்தேன். அங்கே குரங்குகள் அதிகம். அப்பா எனக்காகத்தான் இடம் மாறியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.